நாக்கு சொன்ன நல்ல தண்ணி

சண்டை முடிந்து மீள்குடியேற்றத்தில் நாங்கள் நானாட்டான் பக்கமிருக்கும் எங்கள் கிராமத்துக்குத் திரும்பி வந்த இரண்டாவது வருடம் இது நடந்தது. வீடு தகரக் கொட்டில்தான் என்றாலும் எனக்கு ஒரு பெருமை இருந்தது. சுற்றியிருந்த கிணறுகள் எல்லாம் உவர், என் வளவுக் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் குடத்தோடு என் படலை வாசலுக்கு வரும். அந்தக் கிணற்றை வெட்டியதே நான்தான் என்பது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். உண்மையில் வெட்டியவர் என் அப்பா.

எங்கள் கரையோரத்தில் தண்ணீர் இரண்டே வகை. ஒன்று உவர், மற்றது நல்ல தண்ணி. வாயில் வைத்து உப்புக் கரிக்கவில்லை என்றால் அது நல்ல தண்ணி, அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. நான் துளியும் யோசிக்கவில்லை.

அந்த நேரம் புது வீதி போடுவதற்காக, கிணற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிறவல் மண்ணைத் தோண்டி அள்ளினார்கள். வீதி வேலை முடிந்ததும் தோண்டிய கிடங்குப் பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கூரை உயரத்துக்கு ஆழம், அடியில் முழங்காலளவு தண்ணீர். என்னிடம் ஒரு பழைய டிராக்டர் இருந்தது. அதைக் கிடங்குச் சரிவில் நிறுத்தித்தான் பழுது பார்ப்பேன். எஞ்சின் ஒயில் மாற்றும்போது பழைய ஒயிலை அந்தச் சரிவு மண்ணிலேயே ஊற்றிவிடுவேன். கிடங்கு என்று ஒன்று இருப்பதே கழிவு போடத்தானே என்ற நினைப்பு.

மனைவிக்கு அப்போது ஏழு மாதம். முகாமில் இருந்தபோது ஒரு பிள்ளை தங்காமல் போய், அதற்குப் பிறகு வந்த பிள்ளை. ஒரு நாள் அவள், "இஞ்ச பாருங்கோ, தண்ணி ஒரு மாதிரி மணக்குது" என்றாள். நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். "உப்பில்லை, நல்ல தண்ணிதான். பிள்ளைத்தாச்சி மூக்குக்கு எல்லாம்தான் மணக்கும்" என்று சிரித்துவிட்டு வயலுக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து, முந்தின நாள் அள்ளி வைத்த வாளித் தண்ணீரில் முகம் கழுவக் குனிந்தேன். மேலே மெல்லிய படலம் ஒன்று மிதந்தது. வெயில் பட்டதும் நீலமும் ஊதாவுமாக மினுங்கியது. டிராக்டருக்குக் கீழே தினமும் பார்க்கிற அதே நிறம். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு என் கையாலேயே ஒயிலை ஊற்றிக் கொடுத்துவிட்டேனே என்ற ஒன்றுதான் தலைக்குள் சுற்றியது.

மனைவியிடம் சொல்லத் துணிவு வரவில்லை. "கிணத்துக்குள்ள பூனை விழுந்திட்டுது, இண்டைக்கு ஒருத்தரும் அள்ளவேண்டாம்" என்று அவளிடமும் ஊராரிடமும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, நானாட்டான் அரசாங்கக் கந்தோருக்குச் சைக்கிளை மிதித்தேன். அங்கே தண்ணீர் பரிசோதிக்கிற அலுவலர் ஒரு பெண், என்னைவிட இளையவர். என் முகத்தைப் பார்த்தே விஷயம் பெரிது என்று புரிந்துகொண்டிருப்பார். அன்றைக்கே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"தண்ணி எப்பிடி அண்ணை?" என்று கேட்டார்.

"நல்ல தண்ணி மிஸ்." பழக்கதோஷம், வாயில் அதுதான் வந்தது.

"ஆர் சொன்னது?"

"நாக்குத்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாக்கு உப்பைக் கண்டுபிடிக்கும். மிச்சத்தை ஆர் கண்டுபிடிக்கிறது?"

பிறகு நாடாவை இறக்கிக் கிணற்றையும் கிடங்கையும் அளந்தார். இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டம். "இது கிடங்கில்லை அண்ணை, மூடாத கிணறு. இதுக்குள்ள போறது உங்கட கிணத்துக்கும் வரும்" என்றார். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. மனைவி சொன்ன மணம், வாளியில் மிதந்த படலம், ஒயில் கதை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏச்சு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அவர் ஏசவில்லை. படிக்கிற காலத்தில் இந்தியாவில் நிலக்கரிச் சுரங்கம் இருக்கிற ஊர் ஒன்றைப் பார்த்ததைச் சொன்னார். நிலக்கரியோடு கிடக்கிற ஒரு வகைக் கல்லில் காற்றும் தண்ணீரும் பட்டால் அமிலம் உண்டாகுமாம். அது இரும்பைக் கரைத்துக்கொண்டு போக, ஆறே துருப்பிடித்த நிறத்தில் ஓடுமாம். சுரங்கத்தை ஆழமாக்கித் தண்ணீரை இறைக்க இறைக்க, சுற்றியுள்ள கிணறுகள் வற்றிப்போகுமாம். "சுரங்கத்தைப் பூட்டின பிறகும் அந்தத் தண்ணி வருசக்கணக்கில தெளியாது. இஞ்ச நிலக்கரி இல்லை, உங்கட கிடங்கும் சின்னன். ஆனா நிலத்தைத் தோண்டி விட்டால் நிலத்துக்குக் கீழ இருக்கிற தண்ணிக்குக் காவல் இல்லை" என்றார்.

அவர் வாளியைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து அந்தப் படலத்தைக் குத்தினார். படலம் கண்ணாடி மாதிரித் துண்டு துண்டாக உடைந்தது. உடைந்தது திரும்ப ஒட்டவில்லை. "ஒயில் எண்டால் பிரிஞ்சு திரும்பச் சேரும். இது உடையுது. இது பெரும்பாலும் இரும்பு. அக்காவுக்கு மணந்ததும் அதுவாத்தான் இருக்கும்" என்றார். அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

ஆனாலும் போத்தலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை நான் பூனைக் கதையை மாற்றவில்லை; எல்லோரும் பவுசர் வண்டியில் வந்த தண்ணீரைத்தான் குடித்தோம். ஒரு வாரம் போனது. முடிவு வந்த நாள் கந்தோரில் அவர், "ஒயில் இல்லை அண்ணை. இரும்புதான் கொஞ்சம் கூட. தெளியவிட்டு, வடிச்சுக் குடியுங்கோ" என்றார். வெளியே வந்து சைக்கிளைப் பிடித்தபடி சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப பூனையும் இல்லையோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்போடே அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. மாலையில் தண்ணீர் அள்ள வந்தவர்களிடமும் ஒளிக்காமல் சொன்னேன். ஏசியவர்களும் உண்டு. ஆனால் அடுத்த நாள் அவர்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். ஒயில் ஊறிய மண்ணை எல்லாம் வெட்டி எடுத்து இரும்புப் பரல் பீப்பாய்களில் நிரப்பி, அலுவலர் சொன்ன இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

கடைசிப் பரலை ஏற்றும்போது, பார்க்க வந்திருந்த அலுவலர் ஒன்று சொன்னார். ஒயில் அதுவரை சரிவு மண்ணிலேயே நின்றதற்குக் காரணம் மழை இல்லாததுதானாம். ஒரே ஒரு பெருமழை பெய்திருந்தால் அவ்வளவும் தண்ணீருக்குள் இறங்கியிருக்குமாம்.

அந்த வருடம் மாரி மழை பிந்திவிட்டது. விதைக்க முடியவில்லையே என்று நான் வானத்தைத் திட்டாத நாளில்லை. என் மகள் நல்ல சுகத்தோடு பிறந்தாள், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மழை பிந்துகிறது என்று ஊரே புலம்பும்போது இன்றைக்கும் நான் மட்டும் வாயைத் திறப்பதில்லை.