முந்திச் சொன்ன சாட்சி

எனக்கு எதிலும் அவசரம். தண்ணீர் கொதிக்கும் முன்னே தேயிலைத் தூளைப் போட்டுவிடுவேன். போன வருடம் அந்த அவசரத்தில் கடவுளையே வம்பில் மாட்டிவிட்டேன்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. கொழுந்தெடுக்கப் போகும் அம்மாமார் தங்கள் குழந்தைகளை என்னிடம்தான் விட்டுப் போவார்கள். ஒருநாள் குழந்தையொன்றைத் தோளில் போட்டுத் தட்டும்போது இடது மார்பில் வலித்தது. தொட்டுப் பார்த்தேன், பாக்கு அளவில் ஒரு கட்டி. பதுளைப் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியால் குத்தி, பரிசோதனைக்குச் சதையும் எடுத்தார்கள். "ஸ்கேனில பெரிசா ஒண்டும் தெரியேல்ல. எதுக்கும் ஊசிப் பரிசோதனை முடிவு வரட்டும், பிறகு சொல்லுறன்" என்றார் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா. முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் காணிக்கைக்கு முன் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சொல்லாவிட்டால் அது கைவிட்டுப் போய்விடுமோ என்று எங்களுக்குள் ஒரு பயம். நான் எழுந்தேன். "கர்த்தர் என்னைய சுகமாக்கிட்டாரு" என்று சொல்லி அழுதேன். சபையும் அழுதது. ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் பால் தேத்தண்ணியும் பணிஸும் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். புற்றுநோய், மார்பை எடுக்க வேண்டும் என்றார்கள்.

உள்ளதைச் சொல்கிறேன், சாவுப் பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது, இனி எந்த முகத்தோடு சபைக்குப் போவது என்பதே. என் பணிஸைச் சாப்பிட்டவர்களே எனக்கு விசுவாசம் போதாது என்பார்கள். இல்லையென்றால் கர்த்தரைப் பொய்யர் என்பார்கள். இரண்டையும் என்னால் தாங்க முடியாது. வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். "கொழும்புக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறதா சொல்லிட்டு ஆபரேசன் முடிச்சிட்டு வந்துருவோம்" என்றார். பாவம், அவருக்கும் வெட்கம்.

அந்த வாரம் லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா காலை இழுத்துக்கொண்டு வந்தார். அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. பாதத்தில் ஆறாத புண். வாரா வாரம் மருந்து கட்டப் போகிறவர்.

"இன்னைக்கு கிளினிக் இல்லையாக்கா?"

"நிப்பாட்டிட்டேன். ஒனக்குச் செஞ்சவரு எனக்குச் செய்யமாட்டாரா? ஒன் சாட்சியக் கேட்டப்பறம்தான் எனக்கு தைரியமே வந்துச்சு."

காலில் சுற்றியிருந்த துணி நனைந்திருந்தது. வாடை அடித்தது. தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று மட்டும் கேட்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

நான்கு நாட்கள் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகள் மீது எரிந்து விழுந்தேன். ஜெபிக்க உட்கார்ந்தால், "என் மானத்தைக் காப்பாத்துங்க" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. சனிக்கிழமை பால் போத்தல்கள் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது: அங்கே அக்காவின் கால் அழுகுகிறது, நான் இங்கே என் மானத்துக்கு ஜெபிக்கிறேன். ஈரக் கையோடு நின்று, நாளைக்கு எழுந்து பேச மட்டும் பலம் தாருங்கள் என்று கேட்டேன். கட்டியைப் பற்றி அன்று கேட்கவில்லை.

மறுநாள் சாட்சி நேரத்தில் எழுந்தேன்.

"போன மாசம் நான் சொன்ன சாட்சி தப்பு. டாக்டர் முழுசா சொல்றதுக்கு முந்தியே சொல்லிட்டேன். எனக்கு கேன்சர். தப்பு என்னோடது, கர்த்தரோடது இல்ல. எனக்கு பயமா இருக்கு, ஆபரேசனுக்குப் போறேன். அக்கா, நீங்களும் மருந்துக்குப் போங்க."

பின் வரிசையில் யாரோ பழக்கத்தில் "ஆமென்" என்று தொடங்கி, பாதியில் விழுங்கிக்கொண்டார். உட்கார்ந்தேன். கட்டியும் பயமும் அப்படியே இருந்தன. ஆனாலும் நெஞ்சு லேசாகிவிட்டது. கர்த்தருக்கு முன்னால் ஒன்றையும் மறைக்காமல் உட்கார்ந்து எவ்வளவு காலமாயிற்று. நான் கேட்ட சுகம் இதுவல்ல, ஆனாலும் நிம்மதியாக இருந்தது. பக்கத்திலிருந்த வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா என்னிடம் பேசாமலே போய்விட்டார். திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போக நாங்கள் பஸ்ஸுக்கு வந்தபோது, எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

"ஒன்ன நம்பி காலக் கெடுத்துக்கிட்டேன்" என்றார்.

"ஆமாங்கக்கா" என்றேன். பஸ் வந்ததும் என் தோளைப் பிடித்துத்தான் ஏறினார்.

அக்காவின் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். கால் தப்பியது. என் ஆபரேஷனுக்கு முதல் நாள் அவரைப் பார்க்க அவருடைய வார்டுக்குப் போனேன். கண்ணைப் பார்க்க முடியாமல் கட்டில் ஓரத்தில் நின்றேன். அவர் நகர்ந்து இடம் விட்டு, என் கையை இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஜெபம் பண்ணு புள்ள" என்றார். "சுகமாயிருச்சுன்னு மட்டும் இப்பவே சொல்லிறாத."