கட்டைவிரலில் சுண்ணாம்பு

எங்கள் ஊர் ஆண்களுக்கு மறைவு தேவைப்பட்டதே இல்லை. எந்தச் சுவரும் போதும். பெண்களுக்கென்று இருந்தது ரோட்டோரத்துப் புளியமரங்களும் அவற்றின் அடியில் மண்டிக் கிடந்த வேலிக்காத்தான் புதரும்தான். விடியுமுன் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை. நடுவில் வந்தால் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து எலவனாசூர்கோட்டைக்குப் போகிற ரோட்டில் ஊர். இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷத்தில் தலைப்பிள்ளை என் வயிற்றில். என் வீட்டுக்காரர் சங்கத்தின் ஊர்க்கிளைச் செயலாளர். எங்கள் ஜனங்களுக்குப் படிப்பிலும் வேலையிலும் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது நியாயம், அதில் எனக்கு அன்றும் இன்றும் குறை இல்லை. மரத்தை வெட்டிப் போட்டு ரோட்டை மறிக்கச் சொல்லி மேலேயிருந்து தகவல் வந்தது. ஊரைச் சுற்றி அவ்வளவு மரம் நிற்க, கோடாரியோடு கிளம்பிய என் வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்தது எங்கள் தெருமுனைப் புளியமரங்களை. ஏன் தெரியுமா? அங்கே உட்கார்ந்தால்தான் வீட்டிலிருந்து டீ சூடு ஆறாமல் வந்து சேரும்.

புதரையும் விட்டுவைக்கவில்லை. போலீஸ் ஒளிந்து வருமாம். வேலிக்காத்தானை அடியோடு வெட்டி ரோட்டில் பரப்பினார்கள். அப்புறம் பாயை விரித்து, பெட்ரோமாக்ஸைத் தொங்கவிட்டு, ராத்திரி பகல் பார்க்காமல் அங்கேயே காவல் இருந்தார்கள். பொம்பளைகள் எங்கே போவார்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஒரு மண்டைக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால்தான் நான் மயங்கி விழுந்திருப்பேன்.

மற்ற பெண்கள் கரும்புக் கொல்லைக்கு நடந்தார்கள். என்னை மாமியார் விடவில்லை.

"வாயும் வவுறுமா இருக்கறவ இருட்டுல கரும்புக்குள்ள போவக்கூடாது. பூச்சி பொட்டு கெடக்கும்."

"அப்போ நான் எங்க போறது அத்த?"

"தண்ணிய கம்மியா குடி. போவ வேண்டியதே வராது."

பிரச்சினை தீர்ந்தது! நானும் வாய் காய்ந்தால் ஒரு மடக்கு என்று நாளைக் கடத்தினேன். சீக்கிரமே நீர்க்கடுப்பு பிடித்தது. சொட்டுச் சொட்டாகப் போகும். மிளகாய்த்தூளைக் கொட்டின மாதிரி எரியும். எழுந்து நாலடி நடப்பதற்குள் மறுபடி வருகிற மாதிரி இருக்கும். மாமியார் ஒரு பழைய புடவையை விரித்துப் பிடிக்க, மாட்டுக்கொட்டகை மூலையில் உட்கார்ந்து அழுதேன்.

"சூடு" என்றார் மாமியார். எங்கள் பக்கம் தலைவலி முதல் தலைமுடி கொட்டுவது வரை எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். தொப்புளில் விளக்கெண்ணெய் விட்டார். வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை எடுத்து இரண்டு கால் கட்டைவிரல் நகத்திலும் அப்பினார். சூடு அந்த வழியாக இறங்கிவிடுமாம். இறங்கவில்லை. விலாவில் குத்தலும் குளிர்காய்ச்சலும் ஏறியதுதான் மிச்சம்.

கட்டைவிரலில் சுண்ணாம்பு என்றால் என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வாயால் சொல்லக் கூசுகிற சங்கதியைக் காலில் விளம்பரம் போட்டுக்கொண்டு நான் மறியல்காரர்களுக்கு டீ தூக்கினேன். என் வீட்டுக்காரர் காலைப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது.

"இன்னாடி இது? தொடச்சிக்கினு வரக்கூடாதா? நாலு பேரு பாக்கறாங்க."

"எரியுதுங்க. ஜொரம் வேற அடிக்குது. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க."

"பஸ்ஸு எங்க ஓடுது? மோர் குடி, செரியா பூடும். போராட்டம்னா நாலு கஷ்டம் இருக்கத்தான் செய்யும்."

பாயில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கஷ்டம் எனக்கு, தலையாட்டல் அவர்களுக்கு. நல்ல பங்கீடு.

மறுநாள் மத்தியானம் இடுப்பைப் பிடித்து இழுக்கிற மாதிரி வலி விட்டு விட்டு வந்தது. அப்போது எனக்கு எட்டாம் மாசம். மாமியார் முகத்தில் ரத்தமே இல்லை. ஏழாம் மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. "யார் கேட்டாலும் ஏழுன்னு சொல்லு" என்று காதோடு சொன்னார். அதுவரை எரிச்சலை மட்டும் நினைத்துக் கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் பிள்ளை செத்துப்போய்விடும் என்ற பயம் வந்தது.

மாட்டு வண்டி பூட்டினார்கள். தெருமுனையில் முதல் மரம், என் வீட்டுக்காரர் வெட்டின மரம். "தலைமையில ஒரு வார்த்தை கேட்டுக்கினு…" என்று இழுத்தார். மாமியார் வண்டியிலிருந்தே கத்தினார்.

"உன் தலைமைய வந்து பிரசவம் பாக்கச் சொல்லுடா!"

மாட்டை அவிழ்த்து, என்னை இறக்கி, வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். அடுத்த ஊரிலும் மரம். அங்கேயும் ஒரு செயலாளர், அதே மாதிரி தோளில் துண்டு. என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மொதல் புள்ளைங்க. வலி வந்துடுச்சி. கொஞ்சம் வழி வுடுங்க."

"நம்ம ஆளா இருந்தாலும் ஒண்ணுதாங்க. மேல கேக்கணும். போராட்டம்னா நாலு கஷ்டம் இருக்கத்தான் செய்யும்."

அச்சு மாறாமல் அதே வார்த்தை! எனக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது.

ஆனால் வண்டி குலுங்கின குலுக்கலில் அடிவயிறு வெடிக்கிற மாதிரி இருந்தது. மாமியாரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். விழுந்து கிடந்த மரத்தை ஒட்டி, ரோட்டிலேயே புடவையை ஒதுக்கினேன்.

"இன்னாம்மா பண்ற நீ?" என்று அந்தச் செயலாளர் அலறினார்.

"அடக்கி அடக்கித்தான் இந்த கதிக்கு வந்து நிக்கறேன். இனிமே என்னால ஆவாது. பாக்கறவங்க பாத்துக்கோங்க."

உட்கார்ந்துவிட்டேன். அத்தனை ஆம்பளையும் சடாரென்று மேற்கே திரும்பினார்கள். கல்வராயன் மலை அன்றைக்குத்தான் முளைத்த மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் எழுந்ததும் யாரும் மேலே கேட்கவில்லை. வண்டியை அவர்களே தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். சேதி எப்படி எங்களுக்கு முன்னால் ஓடியதோ, அதற்கடுத்த ஊர்களில் வண்டியைக் கண்டதுமே தூக்க ஆள் தயாராக நின்றது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. என் கணவரின் துண்டில் பாதிகூட வேண்டாம், அதற்குள் அடங்கிவிடும். அழுகை பூனைக்குட்டி சத்தம். பஞ்சில் சுற்றி எடுத்துப் போனார்கள். "பொழைக்குமா?" என்று கேட்டேன். இன்னும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. என் மூத்திரத்தைப் பரிசோதித்துவிட்டு வந்து, வாசலில் நின்ற இவரை உள்ளே கூப்பிட்டார்.

"மூத்திரத்துல கிருமி. அது மேல ஏறிக் காய்ச்சல் வந்திருக்கு. அதனாலதான் வலியும் முன்னாடியே வந்திருக்கணும். எரிச்சல் ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா மாத்திரை குடுத்துப் பார்த்திருக்கலாமே. ஏன் இவ்வளவு லேட்டு?"

"ரோட்டுல மரம் வுழுந்துடுச்சிங்க."

"காத்தா, மழையா?"

இவர் குனிந்துகொண்டார். குனிந்த இடத்தில் என் கால். நகத்தில் சுண்ணாம்பு அப்படியே இருந்தது.

"காத்தும் இல்ல, மழையும் இல்ல டாக்டரம்மா. இவருதான் வெட்டினாரு" என்றேன்.

பெண் பிழைத்தாள். அவளைத் தேற்றி எடுப்பதற்குள் நான் பட்ட பாடு தனிக்கதை. படித்தாள், அந்த ஒதுக்கீட்டில்தான் கல்லூரியில் சேர்ந்தாள், வேலைக்குப் போனாள். இப்போது அவளே வாயும் வயிறுமாக எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். இவருக்கோ வயதாகிவிட்டது, வாய் மட்டும் ஓயவில்லை. வருகிறவர்களை உட்காரவைத்து மறியல் கதையைச் சொல்கிறார். போன வாரமும் சம்பந்தியிடம் ஆரம்பித்தார்.

"அப்போ பாருங்க, நம்ம தெருமுனையில ஒரு பெரிய புளியமரம் வுழுந்துடுச்சி…"

"காத்தா, மழையா?" என்று நான் அடுப்படியிலிருந்து கேட்டேன்.

கதை நின்றது. எட்டிப் பார்த்தேன். இவர் சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு போய் மகள் முன்னால் நின்றிருந்தார்.

"குடிம்மா" என்றார். "ஜாஸ்தியா குடி."