செடி ஓரமாக நடந்தவன்

எங்கள் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. பிரேக் அக்கா என்றால்தான் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். வண்டி தெருமுனையில் திரும்பும் முன்பே "பிரேக்! பிரேக்!" என்று குரல் வந்துவிடும். தெருநாய்கூட அந்தக் குரலுக்கு நின்றுவிட்டுத்தான் மேலே நடக்கும். என்னையும் ஒருமுறை விடாப்பிடியாக உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தாள். உரிமம் கொடுக்க வந்த அதிகாரி என்னோடு ஒரு சுற்றுப் போய்விட்டு இறங்கி, குடிக்கத் தண்ணீர் கேட்டார். அத்தோடு நான் பேருந்துக்கே திரும்பிவிட்டேன். எதிர்வீடு என்பதால் எங்கள் சிநேகத்துக்கு மட்டும் சேதமில்லை.

அவளுடைய காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மற்ற பயிற்சியாளர்கள், "நான் பிரேக்ல காலை வெச்சுக்கிட்டுதான் இருக்கேன், நீ தைரியமா போ" என்று சொல்லிக்கொண்டே சத்தமில்லாமல் காலை எடுத்துவிடுவார்கள். அக்காவிடம் அந்த வேலை கிடையாது. "காலை எடுத்துட்டேன். இனிமே உன் பாடு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எடுப்பாள். பொய்யாவது சொல்லித் தொலையேன் என்று கெஞ்சியிருக்கிறேன்.

"நம்பி உக்காந்திருக்கிறவகிட்ட எப்படிடீ பொய் சொல்றது?" என்பாள். 

அவள் கணவர் ரேடியோ, டிவி பழுது பார்த்தவர். பேச்சுப் பிரியர். பக்கவாதம் வந்து வலதுகால் இழுக்க ஆரம்பித்த பிறகு கடையை மூடிவிட்டார். பிறகு அவருக்கு இருந்தது ஒரே ஆசைதான். காலையில் ஊன்றுகோலோடு வாசல் கேட் வரை தானாக நடந்துபோய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, போகிற வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். வீட்டுப் படியிலிருந்து கேட் வரை அப்போது சரளைக்கல் கொட்டியிருந்தது. ஊன்றுகோல் அதில் புதைந்துவிடும். அக்கா கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் அவருக்கு ரோஷம் வந்துவிடும். அந்த வாசலுக்கு ஒரு நல்ல தரை போட வேண்டும் என்று அக்கா முடிவு செய்தது அவருக்காகத்தான், அழகுக்காக அல்ல.

எங்கள் ஊர் மழையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது வந்துவிட்டுப் போகிற மழை அல்ல, குடித்தனம் நடத்துகிற மழை. துணி காய்வதே அதிசயம்.

அக்காவின் தம்பிக்கு இந்தத் தரைவேலைதான் தொழில். அச்சுக் கான்கிரீட் என்பார்கள். கான்கிரீட்டைக் கொட்டி, ஈரம் காய்வதற்குள் வண்ணப்பொடி தூவி, ரப்பர் அச்சை வைத்து அழுத்தினால் பாறை மாதிரியோ, பலகை மாதிரியோ, கருங்கல் பாவியது மாதிரியோ பதிந்துவிடும். அவனை அந்தத் தொழிலில் சேர்த்துவிட்டதே அக்காதான். அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாள். அவனும் வாய்க்கு வாய் அக்கா, அக்கா என்பான். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

மாதிரி அச்சுகளைக் கூடத்தில் பரப்பி அவன் பேசியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "டைல்ஸ் வேண்டாம்க்கா, மழையில கண்ணாடி மாதிரி ஆயிடும். இன்டர்லாக் கல்லு ஒரு மழைக்காலம் போனா ஒண்ணு தூக்கும், ஒண்ணு இறங்கும், இடுக்குல பாசி புடிக்கும். இதுன்னா ஒரே பலகை. மாமாவோட கம்பு எங்கயும் மாட்டாது."

பாவி, அன்று தரையைப் பற்றிச் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

அக்கா சும்மா விடுகிறவளா? பழைய கார் வாங்கப் போனவள் போல் குடைந்து குடைந்து கேட்டாள். தண்ணீர் எங்கே ஓடும்? வீட்டுப் பக்கமிருந்து கேட் பக்கமாகச் சரிவு வைப்பேன் என்றான். விரிசல் விடாதா? அங்கங்கே வெட்டுக்கோடு போட்டுவிட்டால் விரிசல் அந்தக் கோட்டோடு அடங்கிவிடும் என்றான். கடைசியாக, அவளுக்கு வேண்டிய கேள்வியைக் கேட்டாள்.

"மழையில வழுக்குமாடா?"

"மேல அடிக்கிற சீலர் பூச்சு வழுக்கத்தான்க்கா செய்யும். அதுல கரகரப்புப் பொடி கலந்து அடிச்சா வழுக்காது."

"கலப்பியா?"

"என்னக்கா நீ! மாமா நடக்கிற இடத்துக்குக் கலக்காம விடுவேனா?"

வேலையில் குறை சொல்ல முடியாது. மழை இடைவெளி பார்த்து, தார்ப்பாய் தயாராக வைத்துக்கொண்டு, தானே முட்டி போட்டு அச்சைப் பதித்தான். சாம்பலும் கறுப்புமாக, ஆற்றுப் பாறையைப் பெயர்த்து வந்து போட்டது போல் இருந்தது. சீலர் அடித்த அன்று அக்கா வகுப்புக்குப் போயிருந்தாள். நான் மாடியில் துணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவன் உருளையால் பூசுவது தெரிந்தது. டப்பாவில் என்ன கலந்தான், என்ன கலக்கவில்லை என்று எனக்கெப்படித் தெரியும்? காய்ந்ததும் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. தண்ணீர் தெளித்து, இப்படி நின்று, அப்படி நின்று, படுத்துக்கொண்டும்கூடப் படமெடுத்தான். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. நானும் வாயைப் பிளந்தவள்தான்.

வெயில் இருந்த கொஞ்ச நாள் அவள் கணவருக்குக் கொண்டாட்டம். டக், டக் என்று ஊன்றுகோல் சத்தம் கேட்கும். கேட்டைப் பிடித்துக்கொண்டு பால்காரரை நிறுத்திவைத்து அரசியல் பேசுவார். அவரிடம் மாட்டிக்கொள்ளாமல் தப்புவதே தெருவில் பலருக்குப் பெரிய வேலையாக இருந்தது.

பிறகு மழை பிடித்தது. ஒரு காலை, தூறல் விட்டிருந்த நேரம், கேட்டுக்குப் பாதி தூரத்தில் விழுந்தார். மணிக்கட்டில் முறிவு, இடுப்பில் அடி.

தம்பி ஆஸ்பத்திரிக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். நிஜமாகவே அழுதான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மாமாவின் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டு சொன்னான்: "காலைத் தூக்கி வைக்கணும் மாமா. இழுத்து இழுத்து வெச்சா எந்தத் தரைதான் தாங்கும்?"

அக்காவும் சேர்ந்துகொண்டாள். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன் உங்களுக்கு? நானும்தான் தினமும் அதுல நடக்கிறேன். எனக்கு வழுக்கலையே?" பள்ளம் பள்ளமாக ரப்பர் அடி வைத்த கனத்த ஷூதான் அவள் போடுவது என்பது அன்று யாருக்கும் நினைவில்லை. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் கேட் பக்கம் போகவே இல்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நடக்காவிட்டால் கால் அப்படியே இறுகிவிடும், பிறகு நாங்களே நினைத்தாலும் நடக்க வைக்க முடியாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். அக்கா கெஞ்சினாள், கத்தினாள், என்னை விட்டும் சொல்ல வைத்தாள்.

"என் கால் போச்சும்மா. அதை இனிமே நம்ப முடியாது" என்றார் என்னிடம். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிற மனிதர், அதோடு நிறுத்திக்கொண்டார்.

தம்பி பழப்பையோடு அடிக்கடி வந்து பார்த்தான். அவனுக்கு ஷூ என்றால் உயிர். வெள்ளை வெளேரென்று போட்டுக்கொண்டு, ஒரு புள்ளி அழுக்கு பட்டாலும் கைக்குட்டையை எடுத்துவிடுவான். ஒரு மழைநாளில் ஜன்னல் வழியாக அக்கா பார்த்தாள். கேட்டைத் திறந்தவன் தன் கையால் போட்ட தரையில் கால் வைக்காமல், மதில் ஓரச் செடிப்பாத்தியில் இறங்கி, சேற்றில் சதக் சதக்கென்று நடந்து வந்து படியேறினான். செடியை மிதித்ததற்குத் திட்டினாள், அவ்வளவுதான். அடுத்த மழையிலும் அதே சேறு, அதே பாத்தி. அதற்கு அடுத்ததிலும்.

"வண்டி ஓட்டறவங்க மூஞ்சியை நான் பார்க்கவே மாட்டேன், காலைத்தான் பார்ப்பேன்" என்பாள் அக்கா. அந்தக் கண் அன்று தம்பியின் காலைப் பார்த்துவிட்டது. அவன் போனதும் தன் ஷூவைக் கழற்றிவிட்டு, கணவருடைய தேய்ந்த செருப்பை மாட்டிக்கொண்டு ஈரத்தரையில் இறங்கினாள். நான் எதிர்வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நாலடி நடந்தாள், சர்ரென்று போய்க் கேட் கம்பியைக் கட்டிக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்த முகம் எனக்கு மறக்காது. அவளுக்கு எல்லாமே புரிந்துபோயிருந்தது. ஆனாலும் புரிந்தது பொய்யாக இருக்கட்டும் என்று அந்த முகம் வேண்டிக்கொண்டது.

அவள் அவனைப் போனில் கூப்பிட்டுக் கேட்கவில்லை. காத்திருந்தாள்.

அவனே வந்தான், அதுவும் ஆட்களோடு. புதுவீட்டுக்குக் கார் நிறுத்துமிடம் போட வேண்டிய ஒரு தம்பதிக்குத் தன் வேலையைக் காட்டக் கூட்டி வந்திருந்தான். தூறிக்கொண்டிருந்தது. கேட்டில் குடைபிடித்து நின்றபடி, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னான்: "எங்க மாமாவுக்குக் கால் முடியாது சார். அவர் நடக்கிறதுக்கே இதைத்தான் போட்டிருக்கேன்னா பாத்துக்கோங்களேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு அக்கா வீட்டு வாசலுக்கு ஓடினேன்.

அக்கா படியில் வந்து நின்றாள். "உள்ள வாடா."

அவன் கால் தன்னால் செடிப்பாத்திக்குத் திரும்பியது.

"செடியை மிதிக்காத. நடுவுல வா."

"ஷூ புதுசுக்கா..."

"புது ஷூவைப் போட்டுக்கிட்டுச் சேத்துல இறங்கறவன் எவன்டா? நடுவுல வா!" பிரேக் போடச் சொல்லும் அதே குரல்.

வாடிக்கையாளர்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் குடையை அவர்களிடம் கொடுத்துவிட்டுத் தரையில் கால் வைத்தான். விளிம்பு வரை நிரம்பிய குடத்தைச் சுமக்கிறவன் போல, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான். சரிவில் பாதி ஏறியபோது கால் வாரியது. பக்கத்தில் நின்ற அக்காவின் காரைப் பிடித்தான். பக்கக் கண்ணாடி கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தான். தம்பதி குடையை மதில்மேல் வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நடையைக் கட்டினார்கள்.

நான் சிரித்திருப்பேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"பொடி கலந்தியா?"

அவன் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தான். "கலந்தா பளபளப்பு மங்கிடும்க்கா. படத்துல எடுபடாது. பெரிய வேலை ஒண்ணு வர்ற மாதிரி இருந்துச்சு. அது கைக்கு வந்ததும் இன்னொரு தடவை அடிச்சுக் குடுத்துடலாம்னு இருந்தேன்."

"சரி. அவர் விழுந்தாரே, அப்புறமாவது சொன்னியா?"

"அப்போ சொன்னா நீ என்னை வீட்டுக்குள்ள விடுவியா?"

"அதனால அவர் கால்மேல பழியைப் போட்டியா? என்னையும் திட்ட வெச்சியா?"

அவன் கைக்குட்டையை எடுத்து ஷூவைத் துடைக்க ஆரம்பித்தான்.

"முன்னப் பின்னத் தெரியாத பசங்க என் வண்டியில ஏறுறாங்கடா. அவங்ககிட்டகூட, நான் காலை எடுத்தா எடுத்துட்டேன்னு சொல்லுவேன். நீ என்கிட்ட சொல்லலியேடா." அங்கே குரல் உடைந்துவிட்டது. அவ்வளவு பெரிய குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

அப்போது ஜன்னலிலிருந்து அவள் கணவர் கேட்டார். கோபமே இல்லை அந்தக் குரலில். "அப்போ, என் கால் இல்லையா?"

அவர் மறுபடி கேட்டார். "தரைதானா? என் கால் இல்லையா?"

"இல்லைங்க" என்றாள் அக்கா. "உங்க கால் இல்ல." சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். தம்பி எழுந்து, பக்கக் கண்ணாடியைக் காரின் மேல் வைத்துவிட்டு, செடி ஓரமாகவே நடந்து வெளியே போனான். இந்த முறை அவள் தடுக்கவில்லை.

பிறகு வேறொரு ஆளைக் கூட்டி வந்து, பழைய பூச்சை மருந்து போட்டுக் கரைத்து எடுக்கச் சொன்னாள். புதுப் பூச்சில் பொடியைத் தன் கையாலேயே கொட்டிக் கலக்கினாள். இப்போது பளபளப்பு கிடையாது. தொட்டால் பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று இருக்கிறது. அதைப் பார்க்க இப்போது யாரும் வருவதில்லை.

அடுத்த மழைநாளில் அவரை நடக்க வைத்தாள். நான் குடைபிடித்தேன். முழங்கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, கொஞ்ச தூரம் வந்ததும், "கையை எடுத்துட்டேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு எடுத்தாள். அவர் நின்றார். ஊன்றுகோலால் தரையை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். பிறகு கால் இழுக்க இழுக்க, சரிவில் இறங்கி, கேட்டைப் பிடித்துவிட்டார்.

மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பினார். "அவனுக்கு ஒரு போன் பண்ணிடு. நான் நடந்துட்டேன்னு சொல்லு. தம்பிதானே, விடு."

"தம்பிங்கறதாலதாங்க விட முடியல" என்றாள் அக்கா. தெருவில் யாரோ போனார்கள். அவர் ஊன்றுகோலால் கேட்டைத் தட்டி அவர்களை நிறுத்தினார்.