பாங்காக்கில் ஒரு ஷிப்ட் பஸ்

பாங்காக் வந்து இறங்கிட்டோம், நெய்வேலி மக்களே. ஊருக்குள்ளதான் இன்னும் போகல.

குவார்ட்டர்ஸை விட்டு நாலு நாள் எங்கயாவது போகணும்னு நான் சண்டை போட்டு வந்த டிரிப் இது.

ஏர்போர்ட் வாசல்ல டாக்சிக்கு நீளமா வரிசை. எங்க வீட்டுக்காரர்தான் காலம் பூரா மைன்ஸுக்கு ஷிப்ட் பஸ்ல போய் வந்த மனுஷனாச்சே! யூனிஃபார்ம் போட்ட ஆளுங்களோட ஒரு பஸ் வந்ததும் கையைக் காட்டிட்டார். அதுவும் நின்னு தொலைச்சுது.

"என்னங்க, யாரும் டிக்கெட்டே கேக்கலையே?"

"ஷிப்ட் பஸ்ல எவன் டிக்கெட் கேப்பான்? பேசாம உக்காரு."

சொல்லிட்டு, நைட் டூட்டி முடிச்சவர் மாதிரி தூங்கிட்டார்.

கடைசி ஸ்டாப்புல இறங்கினா, ஓட்டலும் இல்ல, கடைத்தெருவும் இல்ல. ஏர்போர்ட்ல வேலை செய்யறவங்க குடியிருப்பு. வரிசையா ஒரே மாதிரி வீடுங்க. அடுத்த ஷிப்டுக்கு இதே பஸ் திரும்ப ஏர்போர்ட்டுக்குப் போகுமாம். டிரைவர் சிரிச்சுக்கிட்டே கையால ஜாடை காட்டினார்.

நான் இவரை முறைச்சேன். இவர் நிதானமா சுத்திப் பார்த்துட்டுச் சொல்றார்:

"நம்ம குவார்ட்டர்ஸ் பிளாக்கை விட மெயின்டனன்ஸ் நல்லா இருக்குல்ல?"

பக்கத்துல இருந்த பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து இதை எழுதறேன். உங்க வீட்டுலயும் மைன்ஸ் ஆள் இருந்தா, ஏர்போர்ட்ல அவர் கையைக் கெட்டியா பிடிச்சுக்குங்க. பாசத்துல இல்ல, விட்டா பஸ்ஸுக்குக் காட்டிடுவார்.