நாலு நாடும் தப்பு, நான் மட்டும் சரி!

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது. சிங்கப்பூரில், ரப்பரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஒரே ரப்பர் கட்டியை வெட்டி ஐந்து நாடுகளுக்கு அனுப்புவார்கள். எல்லோரும் ஒரே சோதனையைச் செய்ய வேண்டும். எண்கள் ஒத்துப்போனால்தான் ஐந்து நாடுகளும் சேர்ந்து செய்யவிருந்த ஆராய்ச்சி தொடங்கும்.

நான்கு நாட்டு எண்களும் ஒட்டி ஒட்டி இருந்தன. என்னுடையது மட்டும் எங்கோ உயரத்தில் நின்றது.

"ஏம்மா, நாலு நாடும் தப்பு, நீ மட்டும் சரியா?" என்று சிரித்தார் மேலதிகாரி.

"பதினாறு வருஷமா செய்றேன் சார். அவங்களையே திரும்பச் செய்யச் சொல்லுங்க லா!"

அதையே எழுதி எல்லோருக்கும் அனுப்பியும் வைத்தேன். எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம்.

அடுத்த வாரம் ஐந்து நாட்டாருக்கும் எங்கள் இடத்தில் கூட்டம். அந்த மதியக் கூட்டத்துக்காக இந்தோனேசிய ஆய்வுக்கூடத்திலிருந்து வந்திருந்த, என் வயதுப் பெண் ஒருவர் காலையிலேயே என் மேசைக்கு வந்தார். ரப்பர் துண்டுகளை ஓவனில் அரை மணி நேரம் வைத்து, எவ்வளவு சூடு தாங்குகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. செய்துகாட்ட நான் துண்டுகளைப் புதுத் தட்டில் அடுக்கினேன். அவர் தட்டைத் தொட்டுப் பார்த்தார்; சில்லென்றிருந்தது. வெறும் தட்டை முதலில் சூடாக்கிவிட்டு ஒருமுறை செய்துபார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. பழைய தட்டு எப்போதும் ஓவனுக்குள்ளேயே சூடாகக் கிடக்கும். புதுத் தட்டு வந்ததும் கழுவி மேசையில் வைக்க ஆரம்பித்திருந்தேன். தட்டு சூடேறும்வரை ரப்பருக்குச் சூடு போதவில்லை. அதனால்தான் அது அவ்வளவு நன்றாகத் தாங்கியது!

திரும்பச் செய்தோம். எண் மற்ற நான்கோடு போய்ச் சேர்ந்துகொண்டது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

கூட்டத்தில் அவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானே எழுந்து, தப்பு என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். யாரும் கேலி செய்யவில்லை. ஆராய்ச்சியும் திட்டமிட்டபடி தொடங்கியது.

மாலையில் அவரைத் தேக்கா சந்தைக்குப் பிரியாணி சாப்பிட அழைத்துப் போனேன். ஏன் எல்லோர் முன்னாலும் சொல்லவில்லை என்று கேட்டேன். முன்பு அவரும் இப்படித்தான் தப்பு செய்தாராம். தாய்லாந்துக்காரர் ஒருவர் தனியாகப் போன் செய்து சொன்னாராம்.

போன மாதம் வேறொரு நாட்டு எண் தனியாக நின்றது. நான் யாருக்கும் எதுவும் எழுதவில்லை. அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டு, "சேர்ந்து ஒருமுறை செய்துபார்ப்போமா?" என்றேன். தப்பைச் சுட்டிக்காட்டவும் ஒரு பக்குவம் வேண்டும் என்று இத்தனை வருட வேலை எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்த ஒரு காலைப்பொழுது சொல்லித்தந்தது.