இன்ஸ்பெக்டரின் இடது சுட்டுவிரல்

இதை எழுதும்போது என் இடது சுட்டுவிரல் நகத்தில் தேர்தல் மை அப்படியே இருக்கிறது. ஓட்டுப் போட்டு மூன்று வாரம் ஆகிறது. பாத்திரம் தேய்த்தும் போகவில்லை, துணி துவைத்தும் போகவில்லை.

உங்களுக்கும் அப்படித்தானே? ஆனால் அந்த ஒரு பொட்டு மையை வாங்க என் வீட்டுக்காரர் பட்ட பாடு இருக்கிறதே... அதைச் சொல்லாமல் இந்த வாரம் என்னால் வேறு எதையும் எழுத முடியாது.

வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் — பெயர் ஆரோக்கியசாமி. பேரிகை வட்டாரத்துக்கு ஹெல்த் இன்ஸ்பெக்டர். எந்த ஊரில் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு என்று கேள்விப்பட்டாலும் உடனே சைக்கிளை எடுத்துவிடுவார். அங்கே உள்ள கிணறுகளுக்கெல்லாம் மருந்து போடுவது அவர் வேலை. மருந்தின் முழுப்பெயர் பொட்டாசியம் பெர்மாங்கனேட். ஊர்க்காரர்களுக்கு அது 'கிணத்து மருந்து'.

பார்க்கக் கறுப்பாக, மினுமினுப்பாக இருக்கும். நாலு துகளைத் தண்ணீரில் போட்டால் போதும், வாளி முழுக்கக் கத்திரிப்பூ நிறம். அதைக் கிணற்றில் ஊற்றிவிட்டு மறுநாள் காலையில் போய் எட்டிப் பார்ப்பார். தண்ணீரில் இளஞ்சிவப்பு மிச்சம் இருந்தால் கிணறு சுத்தம். நிறம் காணாமல் போயிருந்தால் உள்ளே இருக்கும் அழுக்கு மருந்தைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். மறுபடியும் வாளி, மறுபடியும் மருந்து.

அதனிடம் ஆக்சிஜன் நிறைய இருக்கிறதாம். கண்ட அழுக்குக்கும் கிருமிக்கும் அதை வாரிக் கொடுத்துவிட்டு, கடைசியில் தான் மட்டும் ஒன்றுக்கும் உதவாத பழுப்பாகிப் போகுமாம். இதை அவர் எனக்கு விளக்கியபோது, "உங்களை மாதிரியே" என்று சொன்னேன். பாராட்டா, திட்டா என்று தெரியாமல் இரண்டு நாள் யோசித்தார்.

இலாகா கொடுக்கும் சரக்கு தீர்ந்துவிட்டால் கிருஷ்ணகிரியில் காதர் பாய் கடைக்குப் போவோம். சாயம், அமிலம் என்று ஏதேதோ விற்கிறவர். ஒருநாள் நான் கேட்டேன், "ஏன் பாய், நாங்க கிணத்துக்கு வாங்கறோம். வேற யாருங்க இதை வாங்கறாங்க?"

பாய் சிரித்தார். "அதை ஏம்மா கேக்கறீங்க! துணிக்காரரு வெளுக்க வாங்கறாரு. மரக்கடைக்காரரு கருக்க வாங்கறாரு. புது மரத்துல பூசினா நூறு வருசத்து மரம் மாதிரி ஆயிடுது. பெங்களூர் பேக்டரிக்கு டின் டின்னாப் போவுது. ஒண்ணு மட்டும் சொல்றேன், கிளிசரின் பாட்டிலுக்குப் பக்கத்துல வெச்சிடாதீங்க. ரெண்டும் கலந்தா நெருப்புப் பெட்டியே வேணாம், தானாப் பத்திக்கும்."

அன்றைக்கே சமையலறையில் இருந்த டின் வாசல் அலமாரிக்கு மாறியது.

கிணறு சுத்தமாவது இருக்கட்டும், இந்த மருந்து பட்ட தோல் என்ன ஆகும் தெரியுமோ? கரும்பழுப்பாகிவிடும். சோப்புக்கு அசையாது. எங்கள் வீட்டில் அந்தக் கறை இல்லாத துண்டு ஒன்றுகூடக் கிடையாது. அவருடைய பத்து விரலும் வாரம் முழுக்கப் பழுப்புதான். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி விரல் விரலாகத் தேய்ப்பார். கறை மாயமாகப் போய்விடும். ஞாயிறு காலைப் பூசைக்குக் கைகூப்பி நிற்கும்போது மாப்பிள்ளைக் கை மாதிரி இருக்கும். திங்கட்கிழமை மறுபடியும் பழுப்பு.

தேர்தலோ வார நடுவில் வந்து தொலைத்தது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மனிதருக்கு நாற்பது வயதாகப் போகிறது. அன்றுவரை ஒரு ஓட்டுகூடப் போட்டதில்லை. முதல் தேர்தலில் பட்டியலில் பெயர் இல்லை. இரண்டாவது தேர்தலில் பெயர் பழைய ஊரில் இருந்தது, ஆள் மாற்றலாகி இங்கே வந்துவிட்டார். மூன்றாவது தடவை பெயர் இருந்தது — ஆள்தான் இல்லை. கல்லாவிப் பக்கம் காலரா டியூட்டி.

அதனால் இந்தத் தடவை பத்து நாள் முன்பே சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து வைத்துக்கொண்டார். என்ன பிரயோஜனம்? முந்தின நாள் பக்கத்துக் கிராமத்தில் ஐந்தாறு பேருக்கு வயிற்றுப்போக்கு. உதவிக்கு வரும் ஆள் தேர்தல் லீவில் போய்விட்டார். இவரே வாளியைத் தூக்கி, இவரே கரைத்து, இவரே ஊற்றி... காலையில் பழுப்பேறிய பத்து விரலோடும் கஞ்சி போட்ட சட்டையோடும் என்னுடன் கிளம்பினார். எனக்கும் அப்போது எலுமிச்சம்பழ ஞாபகம் வரவில்லை. வந்திருந்தால் உங்களுக்கு இந்தக் கதை இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஓட்டுச்சாவடி. பெண்கள் வரிசை சின்னது. நான் மை வைத்துக்கொண்டு, முத்திரை குத்திவிட்டு வெளியே வரும்போது அவர் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"இடது கையைக் காட்டுங்க" என்றார் தேர்தல் அதிகாரி. தர்மபுரியிலிருந்து வந்திருந்த ஹைஸ்கூல் வாத்தியார் அவர்.

இவர் காட்டினார். அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "ஏற்கெனவே போட்டுட்டீங்களா?"

"இல்லைங்க சார். இது கிணத்து மருந்துங்க. பத்து விரலும் அப்பிடித்தான் இருக்குது, பாருங்க."

பக்கத்தில் ஒரு கட்சியின் ஏஜென்டாக முனியப்பா உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர் விவசாயி, வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். போன வாரம்தான் அவர் கிணற்றுக்கும் மருந்து விழுந்திருந்தது. தண்ணீர் சிவப்பாக இருக்கிறது, மாடு குடிக்க மாட்டேன் என்கிறது என்று தெருவில் நின்று சத்தம் போட்டவர். அவர் சும்மா இருப்பாரா?

"சார், ஒரு விரல்ல மை வெச்சிக்கினு, அதை மறைக்க மத்த ஒம்போது விரல்லயும் பூசிக்கினு வந்திருந்தா?"

சொல்லக்கூடாது, நல்ல கேள்வி. கோபத்திலும் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

அதிகாரி சங்கடத்தோடு கையைப் பிசைந்தார். "அந்த விரல்ல அடையாளம் இருந்தா சீட்டுக் குடுக்கக் கூடாதுங்க. நான் என்ன பண்றது? மன்னிச்சுக்குங்க."

கிணற்றுக்கு மருந்து போடவிடாத ஊரோடு ஒற்றை ஆளாக மல்லுக்கு நிற்கிறவர் என் வீட்டுக்காரர். அன்றைக்கு வாதாடவில்லை. தன் விரல்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "சரிங்க சார்" என்று திரும்பினார். நான்காவது தேர்தலும் போயிற்று என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், ஒரு எலுமிச்சம்பழம் இருந்தா இந்தக் கறை போயிடும்" என்றேன் வாசலிலிருந்தே.

அதிகாரி எழுந்தே விட்டார். "என்னது? எலுமிச்சம்பழத்துல மை போயிடுமா?" காலையிலிருந்து மை வைத்த அத்தனை பேரும் ஆளுக்கொரு பழத்தோடு திரும்பி வருவது அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"மை போவாதுங்க. மருந்துக் கறை மட்டுந்தான் போவும். மொதல்ல என் விரல்ல தேய்ச்சுப் பாருங்க, அப்புறம் அவரு விரல்ல."

பழத்துக்கு எங்கே போவது? தேடவே வேண்டாம். முனியப்பாவின் சட்டைப்பை உருண்டையாகப் புடைத்துக்கொண்டிருந்தது. அவர் கட்சி ஜெயிக்க மாரியம்மன் கோயிலில் வைத்து எடுத்து வந்த பழம்!

"வத்து, வத்து!" என்று தெலுங்கில் வேண்டாம் சொல்லிப் பையைப் பொத்திக்கொண்டார். "அம்மன் பழம் சார். அறுக்கக் கூடாது."

"ஆட்சேபணை சொன்னது நீங்கதானே?" என்றார் அதிகாரி. "நீங்களே நிரூபிச்சுடுங்களேன்."

பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல், "குடுப்பா முனியப்பா, மாரியம்மா கோச்சிக்க மாட்டா!"

ஓட்டுப்பெட்டிக்கு முத்திரை வைக்கும் அரக்கு, நூல் சாமான்களோடு இருந்த சின்னக் கத்தியால் பழத்தை நறுக்கினார்கள். என் விரலில் தேய்த்தார்கள். மை அசையவில்லை. அதிகாரி மூச்சு விட்டார். பிறகு என் வீட்டுக்காரர் விரல். சாறு பட்ட இடத்தில் பழுப்பு இளகியது, மங்கியது... முனியப்பா குனிந்து பார்த்தார், எல்லோரும் பார்த்தார்கள். உள்ளே வெறும் விரல். நகம், தோல், அவ்வளவுதான். மை கிடையாது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு விரலைப் பார்த்து யாராவது அழுவார்களா? நான் அழுதேன்.

அவர் யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெளியே வந்தவர் மை வைத்த விரலை மடக்கவே இல்லை. சைக்கிள் ஹாண்டில்பாரை மீதி விரல்களால்தான் பிடித்துக்கொண்டு வந்தார்.

மறுவாரம் முனியப்பா ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்து வைத்தார். "எங்க தோட்டத்துதுங்க இன்ஸ்பெக்டரம்மா. நீங்க மருந்து போட்ட கிணத்துத் தண்ணிதான்." அவர் கட்சி ஜெயித்ததா என்று கேட்காதீர்கள். நான் இதே ஊரில் இருந்தாக வேண்டும்.

ஒன்று மட்டும் புரிந்தது. உழைக்கிற கையைத்தான் உலகம் முதலில் சந்தேகப்படுகிறது. சும்மா இருந்த கை பளிச்சென்று இருக்கிறது, தாராளமாக உள்ளே போகிறது.

ஓட்டுப் போட்ட மறுநாளே அவர் மறுபடி கிணற்றடிக்குப் போய்விட்டார். மத்தியானத்துக்குள் பத்து விரலும் பழுப்பு. ஆசை ஆசையாக வாங்கிய மை அதற்கடியில் காணாமல் போயிற்று.

இப்போதெல்லாம் சனிக்கிழமைக்குக் காத்திருப்பதில்லை. தினமும் சாயங்காலம் அரை மூடி எலுமிச்சம்பழத்தோடு வந்து உட்கார்ந்துகொள்கிறார். பத்து விரலையும் தேய்ப்பதில்லை. இடது சுட்டுவிரலை மட்டும்.

ஒன்பது விரல் ஊர்க் கிணறுகளுக்கு... போகட்டும், அந்த ஒன்று அவருக்கு!