நார்மா கல்லாவில் கை வைத்த திங்கட்கிழமை

இல்லை, நார்மா ஸ்டாதரை யாரும் வேலையை விட்டுத் துரத்தவில்லை. கல்லாவில் கை வைத்துப் பிடிபட்டாள் என்று மீன் வறுவல் கடை வரிசையில் கதை அளக்கிறவர்கள் எல்லாரும் அன்றைக்கு மரச்சாமான் கடையில் கட்டில்கள் பக்கம் நின்றவர்கள். அங்கிருந்து பார்த்தால் கல்லாவும் அவள் கையும்தான் தெரியும். கை வைத்தாள்தான். எதற்கு வைத்தாள் என்பதையும் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில், விதர்ன்ஸி ஊரோடு சாலை முடிந்துவிடும். அப்புறம் கடல்தான். ஹெப்பிள்வுட் மரச்சாமான் கம்பெனிக்கு நாற்பது கடை இருக்க, இந்த மூலையில் ஒன்று எதற்கு? நார்மாவுக்குத் தெரியும். ஈஸ்டர், மே மாதத்து இரண்டு திங்கள், ஆகஸ்ட் கடைசித் திங்கள் என்று நாடே லீவு விடுகிற பேங்க் விடுமுறை நெருங்கினால் போதும், பேப்பர் முழுக்கப் 'பாதி விலை' விளம்பரம். பாதி என்றால், முழு விலை என்று ஒன்று எங்காவது இருந்திருக்க வேண்டுமே? நான்கு வாரமாவது பொருளை அந்த விலையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த நான்கு வாரமும் சோபாக்கள் விதர்ன்ஸியில்தான் முழு விலைச் சீட்டை மாட்டிக்கொண்டு கிடக்கும். விற்பதற்காக அல்ல, பேருக்கு.

பத்தொன்பது வருடம் நார்மா அங்கே நின்றாள். யாராவது ஒரு சோபாவைத் தடவிப் பார்த்தால் பக்கத்தில் போய், "இப்ப வேணாம் கண்ணு, லீவுக்கு வா" என்று காதோடு சொல்லி அனுப்பிவிடுவாள். ஊரில் ஒருவர்கூட அவளிடம் முழு விலை கொடுத்ததில்லை. அவளுக்கிருந்த பெருமையே அதுதான்.

அந்த வருடம் ஈஸ்டர் முடிந்ததும் கேரத் என்றொரு புது மேனேஜர் வந்தான். இளவட்டம், பளபளக்கிற ஷூ.

"ஊருக்கே ரகசியம் சொல்லி அனுப்புறீங்களாமே? ஒருத்தராவது முழு விலைக்கு வாங்கினாத்தான் அது விலைன்னு காட்ட முடியும். இனிமே வாயைத் திறந்தீங்கன்னா வேலை இருக்காது, நார்மா."

அதே வாரம் சிரில் பிளெங்கின் வந்தார். அவர் மனைவி எட்னாவுக்கு இடுப்பு போய்விட்டது, உட்கார்ந்தால் எழ முடியாது. பொத்தானை அழுத்தினால் ஆளை மெல்லத் தூக்கி நிறுத்துகிற நாற்காலி ஒன்று கடையில் இருந்தது.

"ஏம்மா நார்மா, இதை இப்ப வாங்கலாமா?"

கேரத் இரண்டடி தள்ளி நின்றான். "நல்ல நாற்காலி, சிரில்" என்றாள் நார்மா. அவ்வளவுதான் சொன்னாள். சிரில் முழு விலையையும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மே மாத முதல் திங்கள். மழை. கடலுக்குப் போக முடியாத கூட்டம் மொத்தமும் கடைக்குள். 'இன்றே கடைசி' என்று கண்ணாடியில் சிவப்பு எழுத்து. அதன் கீழே அதே நாற்காலி, பாதி விலைக்கு. சிரில் நனைந்த தொப்பியோடு நேராக அவளிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

"உனக்குத் தெரியுமா, நார்மா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன், சிரில்."

அவர் திட்டியிருந்தால் நார்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் விறுவிறுவென்று கேரத்திடம் போனாள்.

"சிரில் கூடக் கொடுத்த பாதியைத் திருப்பிக் குடுங்க."

"வித்தது வித்ததுதான். போய் ஆளுங்களைக் கவனிங்க."

நார்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறினாள். "எல்லாரும் கேளுங்க! இன்னைக்கே கடைசியெல்லாம் கிடையாது. மூணு வாரத்துல அடுத்த லீவு வருது, அன்னைக்கும் இதே விலைதான். அடுப்புல கறியைப் போட்டுட்டு ஓடி வந்திருப்பீங்க. வீட்டுக்குப் போங்க, தீஞ்சுடப் போகுது!"

"நெசமாத்தானா, நார்மா?" சலூன்கார பெரில் சோபாவை விட்டு எழாமலே கேட்டாள். "பிளெங்கின் தலையிலேயே முழு விலையைக் கட்டிக் கமிஷன் அடிச்சவ நீ!"

தொப்பியைப் பிழிந்துகொண்டே சிரில்தான் பேசினார். "அவ சொல்றது சரி. எந்திரி, பெரில்."

பெரில் எழுந்தாள். அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் எழுந்தார்கள். கதவு மணி விடாமல் அடித்தது. கேரத்தின் முகம் வெளுத்துப் போயிற்று. ஓடிப் போய்க் கல்லாவைத் திறந்தான்.

"எடுங்க! எடுத்துக் குடுத்துத் தொலைங்க! முதல்ல கீழ இறங்குங்க!"

அப்போதுதான் கை வைத்தாள். எடுத்ததை அங்கேயே, அவன் கண் முன்னால், சிரிலின் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு தன் பெயர் பொறித்த பட்டையைக் கழற்றிக் கண்ணாடியோரம் இருந்த நாற்காலியில் போட்டுப் பொத்தானை அழுத்தினாள். ஆளில்லாத நாற்காலி அதைச் சுமந்துகொண்டு மெல்ல எழுந்தது.

"நார்மா, நாளைக்கு வந்து பேசிக்கலாம்" என்றான் கேரத். குரல் இறங்கியிருந்தது.

"நாளைக்கா?" அவள் கோட்டுப் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டாள். "நாளைக்கு நீங்களே பாத்துக்குங்க, தம்பி. யாராவது வந்தா லீவுக்கு வரச் சொல்லி அனுப்புங்க."

சிரில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நார்மா முன்வாசல் வழியாகவே மழைக்குள் இறங்கிப் போனாள்.